எட்டு வேகத்தில் கோட்டை விட்டேன். இன்னும் மோர்ஸ் படிக்கத்தான் வேண்டுமா?

மொட்டைமாடி டைபோல் (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக ஹாம் ரேடியோவுக்கு (அமெச்சூர் வானொலி) ரிஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸ் வைத்திருக்கிறேன், கால்சைன் (நிலையத்தின் அடையாளப் பெயர்) வியூ3-யில் ஆரம்பிக்கும். மொட்டைமாடியில் 40 மீட்டர் பேண்டுக்கு (அலைவரிசைத் துண்டு) ஒரு டைபோல் ஆன்டெனா, காலையில் நெட்டில் (ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடும் அரட்டை) எட்டிப் பார்த்து ஒரு வணக்கம், அவ்வளவுதான் நம்ம வண்டி. அடுத்த படியான ஜெனரல் கிரேடுக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டுப் போன மாதம் தேர்வுக்கு உட்கார்ந்தேன். தியரி பரவாயில்லை. மோர்ஸ் ரிசீவிங்கில் (புள்ளி, கோடாக வரும் ஒலியைக் கேட்டு எழுத்தாக எழுதுவது) கோட்டை விட்டேன்.

நான் எழுதிய தேர்வு இப்படி: ஐந்து நிமிடம், 200 எழுத்து, நிமிடத்துக்கு 8 சொல் வேகம். ஐந்து தப்புக்கு மேல் போனால் வீட்டுக்குப் போகலாம். முதல் ஒன்றரை நிமிடம் சுத்தமாக எழுதினேன். அப்புறம் ஓர் எழுத்து வந்தது. எல்-ஆ, எஃப்-ஆ என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் இரண்டு எழுத்து போய்விட்டது. அந்த இரண்டைப் பிடிக்கப் போய் அடுத்த நாலும் போச்சு. கிளம்பிவிட்ட பஸ்ஸுக்குப் பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற நிலைமை. ஹெட்போனில் ஒரு பக்கம் கேட்கவில்லை என்பதும் உண்மை, ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன்.

கேள்விக்கு வருகிறேன். 2003-ல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாட்டிலேயே மோர்ஸ் கட்டாயமில்லை, அந்தந்த நாட்டு விருப்பம் என்று சொல்லிவிட்டார்கள். அமெரிக்கா 2007 பிப்ரவரியில் தேர்விலிருந்து தூக்கிவிட்டது. தந்தி சேவையே நம் ஊரில் 2013 ஜூலையோடு முடிந்துபோனது. அனுப்பும் பவரில் 50 வாட்டிலிருந்து 400 வாட்டுக்குப் போவதற்காக இதைப் படிக்கத்தான் வேண்டுமா? படித்தவர்கள் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள், லைசென்ஸ் கையில் வந்த பிறகு எத்தனை பேர் மோர்ஸ் அடிக்கும் கீயைத் தொட்டீர்கள்?

---

எஃப்டி எட்டப்பன் (சென்னை)

மனசைத் தொட்டே சொல்கிறேன்: பாஸ் பண்ணின மறுநாள் கீயைப் பரணில் போட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எஃப்டி8 என்ற கம்ப்யூட்டர் வழிச் செய்தி முறை வந்த 2017-க்கு அப்புறம் இந்தப் பேச்சே எனக்குப் புரியவில்லை. நோபல் பரிசு வாங்கின வானியற்பியல்காரர் ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்கேயோடு சேர்ந்து செய்து கொடுத்தது. 15 நொடிக்கு ஒரு முறை, நீ ஒரு வரி, நான் ஒரு வரி. இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே கிடக்கிற சிக்னலைக்கூடக் கம்ப்யூட்டர் தோண்டி எடுத்துவிடும். எத்தனை வருடம் பழகின காதாக இருந்தாலும் அந்த ஆழத்துக்கு இறங்காது. என் பிளாட்டில் லிஃப்ட் மோட்டார், பத்து வீட்டு இன்வெர்ட்டர், தெரு முழுக்க எல்இடி விளக்கு. பேண்டைத் திறந்தால் கருவாடு பொரிக்கிற சத்தம். அதற்குள்ளிருந்து பிரேசிலைப் பிடித்துக் கொடுத்தது எஃப்டி8தான், மோர்ஸ் இல்லை.

தேர்வுக்குக் கேட்கிறார்கள் என்றால் படித்துத் தொலைத்துவிடுங்கள். காதல் கீதல் எல்லாம் வேண்டாம்.

(பெயரைப் பார்த்து யாரும் திட்ட வேண்டாம். நானே வைத்துக்கொண்டதுதான்.)

---

ஈயப்புகை (மதுரை)

எட்டப்பா, நீ வானொலி நடத்துகிறாயா, உன் கம்ப்யூட்டர் நடத்துகிறதா? நீ டீ குடிக்கப் போனாலும் அது பாட்டுக்கு வேலை பார்க்கும். லாக் புத்தகத்தில் யார் பெயரைப் போடுவது?

டைபோல் அண்ணனுக்கு: எனக்கு மோர்ஸ் பிடித்ததற்குக் காரணம் சால்டரிங்தான். பேச்சை அனுப்பும் ரிக்கை (ரேடியோ செட்) கையால் கட்டுவது பெரிய வேலை. ஹைதராபாத் ஃபர்ஹான் சாருடைய பிட்எக்ஸ் டிசைன் அந்த வேலையை நம் கைக்கு எட்டுகிற இடத்தில் கொண்டுவந்து வைத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மோர்ஸ் ரிக் என்றால் தீப்பெட்டி அளவு போதும். பிக்ஸி கிட் ஒன்று, இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு ஐசி, 7.023 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். ஒரு வாட்டுக்கும் கீழே. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கட்டி முடித்தேன். ரிசீவரில் ஃபில்டர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே கிடையாது. ராத்திரி ஆனால் சீன வானொலி அம்மணி பாட ஆரம்பித்துவிடுவார், அவர் பாட்டுக்கு அடியில் நாம் ஆள் தேட வேண்டும். அந்த ரகளைக்குள்ளும் ஒருநாள் விடிகாலை ஐதராபாத் ஸ்டேஷன் ஒன்று என் கால்சைனைத் திருப்பி அடித்தது. கை உதறினதில் என் பெயரையே தப்பாக அடித்தேன்.

---

ஐந்நூறு கிலோஹெர்ட்ஸ் (தூத்துக்குடி)

தம்பி டைபோல், உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். உங்களுக்கு மோர்ஸ் வரவில்லை என்பது பிரச்சினை இல்லை. தவறவிட்ட எழுத்தை விட முடியவில்லை என்பதுதான் பிரச்சினை.

நான் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். 1984-ல் ஏறினேன். இரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கே நிமிடத்துக்கு 20 சொல் வேண்டும், அர்த்தமில்லாத எழுத்துக் கோவை என்றால் 16. பயிற்சியில் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது: விட்டதை விடு. பேப்பரில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. கோட்டைத் திரும்பிப் பார்த்தால் பெஞ்சு மேல் நிற்க வைப்பார் எங்கள் வாத்தியார். மாலுமிப் படிப்புக்கு வந்த இருபது வயசுப் பையன்களைப் பெஞ்சு மேல்.

ரேடியோ அறைக் கடிகாரத்தை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 15-லிருந்து 18 வரை, 45-லிருந்து 48 வரை இரண்டு சிவப்புத் துண்டு முகப்பில் வரைந்திருக்கும். அந்த மூன்று மூன்று நிமிடமும் 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆபத்தில் இருக்கிறவன் பலவீனமாக அடித்தாலும் கேட்க வேண்டும் என்பதற்காக. அதுவரை சந்தைக்கடை மாதிரி இரைந்துகொண்டிருக்கும் பேண்ட், முள் சிவப்பைத் தொட்டதும் சட்டென்று அடங்கிவிடும். மெட்ராஸ் ரேடியோ, பம்பாய் ரேடியோ, நடுக்கடலில் பெயர் தெரியாத கப்பல்கள், எல்லாருமே. வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும். அந்த அமைதியை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

நான் தூங்குகிற நேரத்துக்கு ஆட்டோ அலாரம் இருந்தது. நான்கு நொடிக் கோடு, ஒரு நொடி இடைவெளி, இப்படிப் பன்னிரண்டு. சரியாக ஒரு நிமிடம். அது வந்தால் என் தலைமாட்டில் மணி அடிக்கும். இடி மின்னலுக்கும் சில சமயம் ஏமாந்து அடித்துவிடும், எழுந்து ஓடுவேன். 1999 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு கப்பலில் இதற்கெல்லாம் வேலை போனது, செயற்கைக்கோள் வந்துவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே பிரெஞ்சுக் கடற்படை, எல்லாருக்கும், இது எங்கள் நிரந்தர மௌனத்துக்கு முந்தைய கடைசிக் குரல் என்று அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டது. எனக்கும் வேலை போனது. அதனால் "தேவையா" என்று கேட்டால் நான் உணர்ச்சிவசப்பட மாட்டேன். தேவை இல்லை. தேவை 1999-லேயே முடிந்தது.

படிக்கலாமா என்பது வேறு கேள்வி.

---

எஃப்டி எட்டப்பன் (சென்னை)

சார், இப்படி எழுதினால் நான் எப்படிச் சண்டை போடுவது?

---

வானம்பாடி டீச்சர் (கோவை)

டைபோல் சார், ஒரே ஒரு கேள்வி. எப்படிப் படித்தீர்கள்? சுவரில் அட்டவணை ஒட்டிப் புள்ளி கோடு மனப்பாடமா?

---

மொட்டைமாடி டைபோல் (திருப்பூர்)

ஆமாம் டீச்சர். பாத்ரூம் கதவில் ஒட்டியிருக்கிறது. ஏ-வுக்கு ஆப்பிள் படத்துக்குள் புள்ளி கோடு வரைந்த கலர் அட்டவணை. பையனுக்கு வந்துவிட்டது, எனக்குத்தான் வரவில்லை.

---

வானம்பாடி டீச்சர் (கோவை)

கிழித்துப் போடுங்கள். இன்றைக்கே.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றால், காதில் விழுந்த ஒலியைப் புள்ளி கோடாக மாற்றி, அதைக் கதவில் இருக்கும் அட்டவணையில் தேடி, அங்கிருந்து எழுத்தை எடுத்து எழுதுகிறீர்கள். மூன்று வேலை. எட்டு பத்து வேகம் வரை இந்தத் தேடல் தள்ளாடிக்கொண்டாவது போகும். அதற்கு மேல் சுவர். முட்டிக்கொண்டு நிற்கிற பாதிப் பேர் இங்கேதான் நிற்கிறார்கள், அப்புறம் "எனக்குக் காது இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள்.

மிருதங்கம் கற்றுக்கொள்கிற பிள்ளையைக் கவனியுங்கள். "தகதிமி" என்றால் நான்கு அடி என்று அது எண்ணுவதில்லை. தகதிமி என்பது ஒரு முகம். தகிட என்பது இன்னொரு முகம். மோர்ஸும் அப்படித்தான். சி என்றால் கோடு புள்ளி கோடு புள்ளி இல்லை, "டாடிடாடி". க்யூ என்றால் "டாடாடிடா". எழுதிப் பார்க்கவே கூடாது, வாயால் சொல்லிப் பார்க்கலாம். நம் நாட்டு ஸ்டேஷன் எல்லாம் வியூ-வில்தானே ஆரம்பிக்கிறது? "டிடிடிடா டிடிடா" என்று பத்து நாள் கேட்டால், அது இரண்டு எழுத்து என்பதே மறந்துபோய் ஒரே சொல்லாக விழும். உங்கள் வியூ3-ஐச் சொல்லிப் பாருங்கள்: டிடிடிடா டிடிடா டிடிடிடாடா. ஜதி மாதிரியே இல்லை?

1930-களில் லுட்விக் கோச் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதை ஒரு முறையாக்கினார். முதல் நாளே முழு வேகத்தில், ஆனால் இரண்டே எழுத்து. இப்போதைய மென்பொருள்களில் பெரும்பாலும் கே, எம். பத்துக்கு ஒன்பது சரியாக வந்தால்தான் மூன்றாவது எழுத்து. எண்ணுவதற்கு நேரமே கிடைக்காத வேகம் என்பதால் காது வேறு வழியில்லாமல் முகத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்சிடபிள்யூஓ என்ற மோர்ஸ் பயிற்சித் தளத்தில் இலவசமாக இருக்கிறது. காலையில் கால் மணி, மாலையில் கால் மணி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள், ஊறப்போட்ட அரிசியை அவசரப்படுத்துகிற கதை.

---

ஈயப்புகை (மதுரை)

டீச்சர் சொல்வதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்து எழுந்தவன் என்பதால் சொல்கிறேன்.

நான் கோச் முறையில்தான் படித்தேன். எழுத்தின் வேகம் 20, எழுத்துக்கு இடையே இடைவெளியை நீட்டி மொத்தத்தில் 8 வருகிற மாதிரி. ஃபார்ன்ஸ்வொர்த் இடைவெளி என்பார்கள். பிரமாதமாக வந்தது. தேர்வு அறையில் நிஜமான 8 வேகத்தைப் போட்டார்கள். ஒன்றும் புரியவில்லை!

கணக்குப் பாருங்கள். புள்ளியின் நீளம் 1200-ஐ வேகத்தால் வகுத்தால் வரும் மில்லி நொடி. 20 வேகத்தில் 60. 8 வேகத்தில் 150. கோடு அதைப்போல மூன்று மடங்கு. க்யூ எழுத்துக்கு, உள்ளே இருக்கும் இடைவெளியையும் சேர்த்து 13 புள்ளி நீளம். 20 வேகத்தில் முக்கால் நொடியில் முடிந்துபோகும். 8-ல் கிட்டத்தட்ட இரண்டு நொடி இழுக்கும். "டாடாடிடா" என்று பழகின காதுக்கு "டாஆஆ... டாஆஆ... டி... டாஆஆ" என்று வந்தால் அது க்யூ இல்லை, வயிற்றுவலி. முதல் இரண்டு கோட்டிலேயே எம் என்று எழுதிவிட்டேன்.

அதனால் தேர்வுதான் குறி என்றால் தேர்வு வேகத்திலேயே படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

---

வானம்பாடி டீச்சர் (கோவை)

குறி தேர்வு என்றால் சரி. தேர்வு முடிந்த பிறகு காற்றில் 8 வேகத்தில் யார் அடிக்கிறார்கள் சொல்லுங்கள்? 18, 20, 25 என்று போய்க்கொண்டிருக்கிறது. எட்டிலேயே எண்ணிப் பழகினவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அந்த அலுப்பில்தான் கீ பரணுக்குப் போகிறது (எட்டப்பன் சார், கேட்கிறதா). முதலில் வேகமான எழுத்தில் படியுங்கள், தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நிஜ எட்டுக்கு இறக்கிப் பழகுங்கள். மேலேயிருந்து கீழே இறங்குவது சுலபம், கீழேயிருந்து ஏறுவதுதான் கஷ்டம்.

---

ஈயப்புகை (மதுரை)

மூன்று வாரம் போதாது. எனக்கு ஆறு ஆனது.

---

பனிக்குள் ஒருவன் (டொரொன்டோ)

வணக்கம், இஞ்ச கனடாவில என்ன நடைமுறை எண்டு சொல்லலாம் எண்டு வந்தனான். எங்களுக்கு அடிப்படைச் சோதினையில 70 புள்ளி எடுத்தாப் பாஸ். ஆனா எச்எஃப் (தூர இடத்துக்குப் போற சிற்றலை) பேண்டில போறதெண்டா 80 எடுக்க வேணும். 80 வராட்டி ஒரு பின்கதவு இருக்கு: மோர்ஸ், நிமிசத்துக்கு 5 சொல். நான் 74 எடுத்துட்டுப் பேயறைஞ்ச மாதிரி நிண்டன். திரும்பச் சோதினை எழுதியிருக்கலாம், எல்லாரும் அதைத்தான் செய்யிறவை. எனக்கு ஒரு வீம்பு, மோர்ஸ் படிச்சன். நாலு மாசம், ஒவ்வொரு நாளும் பஸ்ஸில, காதில போட்டுக்கொண்டு. பக்கத்தில இருக்கிற சனம் நான் பாட்டுக் கேக்கிறன் எண்டு நினைச்சுதுகள்.

சொல்ல வந்தது வேற. பனிக்காலத்தில இஞ்ச வீட்டுக்குள்ளதான் கிடக்க வேணும். ராத்திரி மனிசியும் பிள்ளையளும் படுத்தாப் பிறகு பேசிக் கதைக்க ஏலாது, சத்தம். மோர்ஸெண்டா ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ரெண்டு விரல் மட்டும் அசையும். ஒரு சனத்துக்கும் தெரியாது நான் யூரோப்போட கதைச்சுக்கொண்டிருக்கிறன் எண்டு. இதுக்கு மேல என்ன தேவை வேணும்?

இன்னொண்டு. தமிழில மோர்ஸ் இருக்கோ? யப்பான்காரர் தங்கட கானா எழுத்துக்கே தனிக் குறி வச்சு அடிக்கினம், ரஷ்யாக்காரரும் அப்பிடித்தான்.

---

வானம்பாடி டீச்சர் (கோவை)

இந்தக் கேள்வியில் நான் ஒரு முழு மழைநாளைத் தொலைத்திருக்கிறேன்! 247 என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31. உயிர்மெய்யை மெய்யும் உயிருமாக அடித்துவிடலாம். நான்கு குறிக்குள் எத்தனை சேர்க்கை கிடைக்கும்? 2, 4, 8, 16, கூட்டினால் 30. நமக்கு 31! ஒன்று வெளியே நிற்கிறது, அது ஆய்தம்தான், வேறு யார். அதற்கு மட்டும் ஐந்து குறி கொடுத்துவிட்டால் தமிழ் மோர்ஸ் தயார். அடிக்கத்தான் ஆள் இல்லை. நம்மவர்கள் ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்துவிட்டுப் போகிறோம், போன் சாட்டில் செய்கிற மாதிரி.

---

எஃப்டி எட்டப்பன் (சென்னை)

சரி, எல்லாரும் உருகியாச்சு. ஒரு நடைமுறைக் கேள்வி. மோர்ஸைக் கேட்டு எழுத்தாக்கும் டிகோடர் போனிலேயே இருக்கிறது. காதை எதற்குப் பழக்க வேண்டும்?

---

ஈயப்புகை (மதுரை)

கீயரில் (புள்ளி கோட்டைத் தானே சீராக்கிக் கொடுக்கும் கருவி) அடித்த சுத்தமான சிக்னலைப் படிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஸ்ட்ரெயிட் கீயில் (மேலும் கீழும் அழுத்தும் பழைய கீ) ஒரு பெரியவர் கையால் அடிப்பதைப் படிக்கச் சொல்லிப் பார். மனுசக் கை கோட்டைக் கொஞ்சம் இழுக்கும், இடைவெளியைக் கொஞ்சம் விழுங்கும். கையெழுத்து மாதிரி அதுவும் ஆளுக்கு ஆள் வேறு. எனக்குத் தெரிந்த ஒருவர் 73 (விடைபெறும் வாழ்த்து) அடிக்கிற விதத்தை வைத்தே கால்சைன் வருமுன் அவர்தான் என்று சொல்லிவிடுவேன். போன் ஆப் அதைப் பார்த்தால் ஈ ஈ டி ஈ என்று கொட்டும்.

---

எஃப்டி எட்டப்பன் (சென்னை)

உன் ஆளுக்குக் கை நடுங்குகிறது, அதற்கு ஆப்பைக் குறை சொல்கிறாய்.

---

மட்டுறுத்துநர்

ஈயப்புகையின் அடுத்த பதிவை நீக்கியிருக்கிறேன். ஒருவர் கையைப் பற்றி இன்னொருவர் குடும்பத்தை இழுக்க வேண்டாம்.

---

மொட்டைமாடி டைபோல் (திருப்பூர்)

பத்து வாரம் கழித்து வருகிறேன். இழையை மூடாமல் வைத்ததற்கு நன்றி.

அட்டவணையைக் கிழித்துவிட்டேன், பையன் இரண்டு நாள் பேசவில்லை. டீச்சர் சொன்னபடி எழுத்து வேகம் 18-ல் ஆரம்பித்தேன். முதல் மூன்று வாரம் ஏழு எழுத்தோடு நின்றது. எஸ்-ஸும் எச்-சும் ஐந்தும் ஒரே அச்சு. மூன்று புள்ளியா நான்கா ஐந்தா என்று காது திண்டாடும். எங்கள் யூனிட்டில் ஓவர்லாக் மெஷின் வரிசையாக ஓடும், நான் கணக்கு அறையில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அந்தச் சத்தம் எச் எச் ஐந்து எச் என்று விழ ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் ஏதோ உள்ளே நகர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. அதற்கப்புறம் தொல்லைதான். ஆட்டோ ஹாரன், குக்கர் விசில், பெரியப்பாவின் பழைய நோக்கியாவில் மெசேஜ் வந்தால் டிடிடி டாடா டிடிடி. பத்து வருடம் கேட்ட சத்தம் அது, எஸ்எம்எஸ் என்று மோர்ஸில் அடிக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது!

இப்போது எல்லா எழுத்தும் தெரியும். எண்ணில் தடுமாற்றம். நேரடியாகக் காற்றில் கேட்டால் பயமாக இருக்கிறது, கால்சைன் கிடைக்கிறது, மற்றதெல்லாம் புகை. ஹேக்ஸா பிளேடு இரண்டை வைத்து ஒரு பேடில் (பக்கவாட்டில் தட்டும் கீ) செய்திருக்கிறேன், சைடுடோனில் (காற்றில் போகாமல் எனக்கே கேட்கும் ஒலி) மட்டும் அடித்துப் பார்க்கிறேன். லைசென்ஸ் வரும்வரை காற்றில் அடிக்க மாட்டேன்.

தேர்வுக்கு மறுபடி விண்ணப்பித்துவிட்டேன். 8 வேகத்துக்கு இன்னும் இறங்கவில்லை, ஈயப்புகை சொன்ன ஆறு வாரத்தை நினைத்தால் கலக்கமாக இருக்கிறது.

---

ஐந்நூறு கிலோஹெர்ட்ஸ் (தூத்துக்குடி)

தம்பி, பேடில் இருக்கட்டும். நான் தேர்வு எழுதிய காலத்தில் ஸ்ட்ரெயிட் கீதான் வைத்தார்கள், எதற்கும் ஒன்று வாங்கி மணிக்கட்டைப் பழக்குங்கள். விரலால் அடிக்காதீர்கள். மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும், முழங்கை மேசையில். அனுப்பும்போது தப்பு வந்தால் எட்டுப் புள்ளி அடித்துவிட்டு அந்தச் சொல்லைத் திரும்ப அடியுங்கள். திருத்தாமல் விட்ட தப்பைத்தான் எண்ணுவார்கள்.

காற்றில் கேட்கப் பயமாக இருக்கிறது என்றீர்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு 7.030 மெகாஹெர்ட்ஸில் வாருங்கள். உங்களுக்காக ஒருபக்கமாக ஒலிபரப்ப நமக்கு அனுமதி இல்லை. அதனால் நானும் கோவை டீச்சரும் வழக்கம்போலப் பேசிக்கொள்கிறோம், 10 வேகத்தில், தமிழில். நீங்கள் பேப்பரோடு உட்காருங்கள். விட்டதற்குக் கோடு. கோட்டைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

---

வானம்பாடி டீச்சர் (கோவை)

நான் ரெடி சார். தோசைக்கல்லை எட்டரைக்குத்தான் வைப்பேன்.

---

மொட்டைமாடி டைபோல் (திருப்பூர்)

கேட்டேன்! மேலும் கீழுமாகச் சிக்னல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, நடுநடுவே யாரோ ரிக்கை ட்யூன் பண்ணிக்கொண்டு மேலே ஏறி உட்கார்ந்தார். கால்சைன் இரண்டும் சரியாக எழுதினேன். தூத்துக்குடி சார் கேட்ட கேள்வியில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான், பேப்பரில் இருப்பதை அப்படியே போடுகிறேன்:

எஸ், ஏ, கோடு, டி, ஏ, சி, 5, ஏ.

அதற்கு டீச்சர் சொன்ன பதில்: ஐ, டி, எல், ஐ.

பதில் புரிந்துவிட்டது. கேள்விதான் என்னவென்று தெரியவில்லை.

---

எஃப்டி எட்டப்பன் (சென்னை)

யோவ், சாப்டாச்சா என்று கேட்டிருக்கிறார். கோடு போட்ட இடத்தில் பி. 5 என்று எழுதினது எச், ஒரு புள்ளி அதிகமாகக் கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லக் கூடாது என்று இருந்தேன். நானும் டிகோடரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் கீயரில் அடித்த இட்லி மட்டும் வந்தது. பெரியவர் கைக்கு என் திரையில் ஈ ஈ டி என் டி ஈ என்று முக்கால் பக்கம். ஈயப்புகை இதற்கு ஒன்றும் எழுத வேண்டாம்.

---

ஈயப்புகை (மதுரை)

நான் ஒன்றும் எழுதவில்லை.

---

மொட்டைமாடி டைபோல் (திருப்பூர்)

இட்லியில் எல் இருந்ததை இப்போதுதான் கவனிக்கிறேன்.

---

ஐந்நூறு கிலோஹெர்ட்ஸ் (தூத்துக்குடி)

நான் அப்போதே கவனித்தேன், தம்பி. அடுத்த ஞாயிறு உப்புமா. அதில் பி இரண்டு முறை வரும், தயாராக இருங்கள்.